எருக்கஞ்செடியைத் திருப்பிப் பாருங்கள்: பட்டாம்பூச்சியும் அதன் உணவுத் தாவரமும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர். தோப்பு, வரப்பு, வாய்க்கால் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, "முன்னெல்லாம் எத்தனை பட்டாம்பூச்சி பறக்கும், இப்போது ஒன்றையும் காணோமே" என்பார்கள். கையோடு ஒரு தீர்வும் சொல்வார்கள்: பூச்செடி நிறைய வைக்க வேண்டும். பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் 'பட்டாம்பூச்சித் தோட்டம்' என்று பலகை மாட்டி, நர்சரியில் வாங்கிய பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பார்கள். அதே வளாகத்தில், வேலியோரம் தானாக முளைத்த எருக்கையும் ஆமணக்கையும் களை என்று வெட்டிக் குவித்திருப்பார்கள்.

நட்டது பட்டாம்பூச்சியின் தாகத்தைத் தீர்க்கும் செடி. வெட்டியது அதன் பிள்ளைகள் வளர வேண்டிய செடி. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பட்டாம்பூச்சியைப் பற்றி நாம் பேசுவதில் பாதி தடம் மாறிப் போகிறது. இதை மட்டும் புரிந்துகொண்டால், வெயில் காய்கிற சித்திரையில்கூட ஒரு சின்ன கிராமத்து நடையில் ஏராளமாகப் பார்க்கலாம்.

பூவும் இலையும்

முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி. இந்த நான்கு கட்டங்களும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது: உடம்பு வளர்வது முழுக்கப் புழுப் பருவத்தில்தான். சிறகு வந்தபின் பட்டாம்பூச்சி கொஞ்சம்கூட வளராது. குட்டியாகப் பறக்கும் பட்டாம்பூச்சியைக் காட்டி 'இது குஞ்சு' என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அது குஞ்சு அல்ல, அந்த இனத்தின் அளவே அவ்வளவுதான்.

புழுவுக்கு இலையை நறுக்கித் தின்னும் தாடை உண்டு. சிறகு வந்த பூச்சிக்கு அது கிடையாது, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் ஒன்றுதான். ஆகவே இரண்டுக்கும் சாப்பாடே வேறு. பெரியவர்கள் போகிற வழியில் எந்த டீக்கடையிலும் நின்று ஒரு டீ குடித்துவிட்டு நடையைக் கட்டலாம். கைக்குழந்தைக்கு அது ஆகாது, தாய்ப்பால்தான் வேண்டும். பட்டாம்பூச்சிக்குப் பூ என்பது அந்த டீக்கடை. கடை எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை. புழுவுக்கு வேண்டிய இலையோ குறிப்பிட்ட ஒரு செடியிலோ, நெருங்கிய உறவுள்ள சில செடிகளிலோ மட்டும்தான் கிடைக்கும்.

ஓர் இனத்தின் புழு தின்று வளரக்கூடிய செடியை அந்த இனத்தின் உணவுத் தாவரம் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் முக்கியமான சொல் இது ஒன்றுதான். வெந்தய வரியனுக்கு எருக்கு. காமன் காஸ்டருக்கு ஆமணக்கு. காமன் எமிகிரன்ட் என்ற இளமஞ்சள் பூச்சிக்குக் கொன்றை. டானி கோஸ்டர் என்ற செம்மஞ்சள் பூச்சிக்கு ஓரிதழ் தாமரையும் சிறுபூனைக்காலியும். மாமரக் கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியைக்கூட விட்டுவைக்கவில்லை, காமன் ஜெஸபெல் முட்டையிடுவது அதில்தான்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவு: பூ இருக்கும் இடத்துக்குப் பட்டாம்பூச்சி வந்துபோகும், உணவுத் தாவரம் இருக்கும் இடத்தில்தான் அது பிறக்கும்.

உண்ணிச்செடி சொல்லும் பாடம்

இதற்கு ஆதாரம் வேண்டுமானால் எந்த மலையடிவாரத்துக்கும் போய் உண்ணிச்செடியைப் பாருங்கள். ஆரஞ்சும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த கொத்துப் பூ. காலை ஒன்பது மணிக்கு அதன் முன் நின்றால் கண்கொள்ளாத அளவுக்குப் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த செடி. ஆனால் அதே புதரில் இலை இலையாகப் புரட்டினாலும் பட்டாம்பூச்சிப் புழு கிடைப்பது அரிது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அலங்காரச் செடியாக வந்து காடெங்கும் பரவிய தாவரம் அது. நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலை ஒவ்வாது.

இன்னொரு பக்கம், உண்ணி அடர்ந்து வளரும் இடத்தில் அதன் கீழே இருந்த நாட்டுச் செடிகள் எழ முடியாமல் போகின்றன. அவைதான் உணவுத் தாவரங்கள். பூ நிறைந்த காட்டில் பட்டாம்பூச்சி வகைகள் மெல்லக் குறைவது இப்படித்தான். உண்ணிப் பூவில் மொய்ப்பதைப் பார்த்து 'இங்கே பட்டாம்பூச்சி செழிப்பாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்?

இத்தனை பச்சை இருக்கும்போது ஒரே செடியைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?

செடியால் ஓட முடியாது. அதனால் தன் இலையிலேயே கசப்பு, காரம், நாற்றம், பால், நஞ்சு என்று ஏதாவது ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. எலுமிச்சை இலையைக் கசக்கினால் வரும் மணமும் எருக்கை ஒடித்தால் வடியும் பாலும் நமக்காக உண்டானவை அல்ல, தின்ன வரும் பூச்சிக்கு வைத்த காவல். ஒரு காவலை உடைக்கப் புழுவின் குடலில் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். எல்லாக் காவலையும் உடைக்கும் ஏற்பாடு ஒரே உடம்பில் அமைவது கடினம். ஆகவே பெரும்பாலான இனங்கள் ஒரு செடிக் குடும்பத்தின் வேதிப்பொருளைச் சமாளிக்கப் பழகி, அதிலேயே தங்கிவிட்டன. பல குடும்பச் செடிகளைத் தின்னும் இனங்களும் உண்டு, அவை குறைவு.

முட்டையிலிருந்து வரும் புழு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். தப்பான செடியில் பிறந்துவிட்டால் நடந்துபோய்ச் சரியான செடியைக் கண்டுபிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். எனவே தேர்வு தாயின் பொறுப்பு. தாய்க்கோ இலையைக் கடித்துப் பார்க்கத் தாடை இல்லை. அது காலால் சுவைக்கிறது. பட்டாம்பூச்சியின் காலில் சுவை அறியும் நுண்மயிர்கள் உண்டு. முட்டையிட வந்த பெண் இலைமேல் இறங்கி, முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். இலையின் சாறு காலில் படும், இது நம் செடிதானா என்று தெரிந்துவிடும்.

இதை நேரில் பார்ப்பது சுலபம். பூவைச் சட்டை செய்யாமல், இடுப்புயரத்துக்கும் கீழே, இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறக்கும் பட்டாம்பூச்சி கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். நான்கைந்து இலையில் தட்டிப் பார்த்து வேண்டாம் என்று நகரும். ஓர் இலையில் மட்டும் வயிற்றை வளைத்து இலையின் அடிப்பக்கம் கொண்டுபோகும். ஒரு நொடிதான். அது போனபின் அந்த இலையைத் திருப்பினால் முட்டை இருக்கும்.

எருக்கு: ஒரு செடியில் ஒரு முழுக் கதை

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது எருக்கைத்தான். பேருந்து நிறுத்தம், சுடுகாட்டு ஓரம், தரிசு நிலம் என்று எங்கும் இருக்கிறது. யாரும் காவல் காப்பதில்லை. சித்திரையிலும் பச்சையாக நிற்கும்.

இளம் இலைகளைத் திருப்புங்கள். வெண்மையாக, ஊசித் தலை அளவில், கூம்பு போல ஒற்றையாக நிற்பது வெந்தய வரியனின் முட்டை. இதன் ஆங்கிலப் பெயர் பிளெய்ன் டைகர். புழுவைத் தவறவிடவே முடியாது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வளையம் வளையமாக உடம்பு. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களில் இரண்டிரண்டாகக் கறுப்புக் கொம்பு இழைகள். ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாத நிறம்.

அது சாப்பிடும் விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எருக்கம்பால் பிசின் மாதிரி ஒட்டும், சின்னப் புழுவின் வாயையே அடைத்துவிடக்கூடியது. அதனால் புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்து வெட்டுகிறது. பால் அங்கேயே வடிந்து நின்றுவிடும். வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதிக்குப் பால் வராது. அந்தப் பகுதியை நிம்மதியாகத் தின்னும். நரம்பில் வெட்டுப்பட்டு மடிந்து தொங்கும் இலை தென்பட்டால், புழு பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

எருக்கில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. புழு அந்த நச்சில் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, சிறகு முளைத்த பிறகும் அது உடம்பில் இருக்கும். எல்லாப் பூச்சியும் ஒரே அளவு சேர்ப்பதில்லை, ஆனாலும் பறவைக்குப் பாடம் புகட்ட அது போதும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மோனார்க் பட்டாம்பூச்சியை வைத்து லிங்கன் பிரவர் என்ற அறிவியலாளர் 1960களில் சோதனை செய்தார். நச்சுச் செடியில் வளர்ந்த மோனார்க்கை விழுங்கிய நீல ஜே பறவை சற்று நேரத்தில் வாந்தி எடுத்தது. அதன்பின் மோனார்க்கைக் கண்டாலே ஒதுங்கியது. வெந்தய வரியன் ஏன் இவ்வளவு மெதுவாக, யாருக்கும் அஞ்சாமல் பறக்கிறது என்பதற்கு விடை இதுதான். அதன் செம்மஞ்சள் நிறம் பறவைக்கு விடுக்கும் எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையைக் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. டானெய்ட் எக்ஃபிளை என்ற இனத்தின் பெண் பூச்சி, வெந்தய வரியனைப் பார்த்து வரைந்தது போலவே இருக்கும். அதன் புழு தின்பதோ நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரை, அதில் எருக்கின் நஞ்சு இல்லை. நஞ்சில்லாத இனம் நஞ்சுள்ள இனத்தின் தோற்றத்தைப் பெற்றுத் தப்பிப்பதற்கு ஒப்புப்போலி என்று பெயர். அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் இதை விளக்கினார். நம் வயல்வெளியிலேயே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். நடுவில் ஒன்றுமில்லாமல் முன்விளிம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தால் அது போலி.

சுருக்கமாகச் சொன்னால், எருக்கு அந்தப் பூச்சிக்கு உணவும் கொடுக்கிறது, காவலும் கொடுக்கிறது. எருக்கை வெட்டினால் இரண்டும் போகும்.

வீட்டுக் கறிவேப்பிலை

ஊருக்குப் போக நேரமில்லாதவர்கள் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடியைப் பார்க்கலாம். காமன் மார்மன், லைம் பட்டாம்பூச்சி இரண்டுக்கும் இந்தக் குடும்பம்தான் உணவுத் தாவரம், வில்வமும் நாரத்தையும் இதில் சேரும். இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போல ஒன்று கிடந்தால் தட்டிவிடாதீர்கள். அது இளம்புழு. எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் வராது. கொஞ்சம் வளர்ந்ததும் சட்டையை உரித்துவிட்டுப் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, கவட்டை வடிவிலான ஓர் உறுப்பை நீட்டும், கூடவே காரமான வாடை வரும். பிள்ளைகள் அதைப் பாம்பு நாக்கு என்பார்கள். கடிக்காது, விஷமும் இல்லை.

புழு என்றாலே அரிக்கும் என்ற பயம் நமக்கு முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியால் வந்தது. அது அந்துப்பூச்சியின் புழு. நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் தோலை அரிக்கச் செய்வதில்லை. ஆனால் பழகாத கண்ணுக்கு இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம், எதையும் தொடாமல் பார்ப்பதே நல்லது.

காமன் மார்மனின் பெண்களில் சில, ரோஜாப்பட்டாம்பூச்சிகள் எனப்படும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் ஆகியவற்றின் ஒப்புப்போலிகள். அந்த ரோஜாக்களின் புழுக்கள் வளர்வது ஆடுதின்னாப்பாளையிலும் ஈஸ்வரமூலிக் கொடியிலும். ஆடுகூடத் தின்னாத செடி என்று பெயரே சொல்கிறது.

பங்குனி, சித்திரையில் எங்கே தேடுவது?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டிய மாதங்கள்தான் பட்டாம்பூச்சிக்கு உச்சம். தரையெங்கும் சிறுசெடி முளைத்திருக்கும். கோடையின் தொடக்கத்தில் அவை காய்ந்துவிடும். ஆனால் புதியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பச்சை இருக்கும் இடம் குறைவு என்பதால் தேட வேண்டிய இடமும் குறைவு.

புழுவுக்கு எல்லா இலையும் ஒன்றல்ல. கொழுந்தில் நீரும் புரதமும் அதிகம், நார் குறைவு. முற்றிய இலை சின்னத் தாடைக்கு வளையாது. நம் ஊர் மரங்களில் பல இந்தப் பருவத்தில்தான் இலை உதிர்த்துப் புதிதாகக் கொழுந்து விடுகின்றன. புங்க மரத்தைப் பாருங்கள். மொட்டையாக நின்ற மரம் சில நாட்களில் பளபளவென்று இளம்பச்சையாகிவிடும். அந்த நேரத்தில்தான் காமன் பேண்டட் ஆல் என்ற பழுப்புநிறத் துள்ளிப் பட்டாம்பூச்சி மொத்தமாக முட்டையிடுகிறது. சில ஆண்டுகளில் கொழுந்து முழுவதும் அரித்துப்போய் மரமே சல்லடையாகத் தெரியும். மருந்தடிக்க அவசியமில்லை, மரம் மறுபடி தழைத்துக்கொள்ளும்.

மாமரத்தில் கவனிக்க வேண்டியது காமன் பேரன் என்ற பூச்சியின் புழு. பச்சை உடம்பின் இருபுறமும் இறகு போல விரிந்த கிளை முட்கள், முதுகில் நீளமாக ஒரு வெளிர் கோடு. மாவிலையின் நடு நரம்பின்மேல் அந்தக் கோடு பொருந்தும்படி அது நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். ஒரு முழம் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாலும் இலை மட்டுமே தெரியும். இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்குக் கண் பழகிவிட்டது என்று அர்த்தம்.

பூவும் இலையும் இல்லாத இடங்கள்

ஆற்று மணலின் ஈரத்திலும் மாடு நின்ற இடத்துச் சேற்றிலும் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அவை தேடுவது உப்பை. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. ஈர மண்ணில் அது கரைந்து கிடைக்கிறது. இப்படிச் சேற்றுநீர் உறிஞ்சுவது பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பில் ஒரு பங்கை இணையும்போது பெண்ணிடம் கொடுக்கும், அது முட்டைக்குப் போகும்.

வெந்தய வரியனின் சொந்தங்கள் கிலுகிலுப்பைச் செடியில், அதுவும் காய்ந்த கிளையிலும் காயம்பட்ட இலையிலும், மொய்ப்பதையும் காணலாம். அங்கே அவை உறிஞ்சுவது ஒரு வேதிப்பொருளை. பெண்ணை ஈர்க்கும் வாசனையை ஆண்கள் தயாரிப்பது அதிலிருந்துதான்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்லது. பட்டாம்பூச்சிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. வெயிலில் சிறகை விரித்து உட்கார்ந்து சூடேறிய பிறகே பறக்கும், அப்படி உட்கார்ந்திருக்கும்போது நம்மால் கிட்டப் போக முடியும். உச்சி வெயிலில் நிழலுக்குள் போய்விடும்.

செடியைச் சுற்றி யார் யார்?

ஓர் உணவுத் தாவரத்தின் அருகில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் பட்டாம்பூச்சி மட்டும் தெரியாது. மின்கம்பியில் பஞ்சுருட்டானும் இரட்டைவால் குருவியும் காத்திருக்கும். வேலிக்கல்லில் ஓணான். பூவின் நிறத்திலேயே நண்டுச் சிலந்தி. கும்பிடுபூச்சி. புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் சிறு குளவிகள். சிறகின் ஓரத்தில் அலகு வடிவில் பிய்ந்த பட்டாம்பூச்சி கண்ணில் பட்டால், அது ஒரு பறவையிடமிருந்து தப்பி வந்ததாக இருக்கலாம்.

அவரைக் கொத்தில் எறும்பு வரிசை கட்டினால் உற்றுப் பாருங்கள். அசுவினியாக இருக்கலாம், சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழுவாகவும் இருக்கலாம். அந்தப் புழுக்களின் முதுகில் இனிப்பான நீர் சுரக்கும் சுரப்பி உண்டு. எறும்பு அதைக் குடிக்கிறது, பதிலுக்குக் குளவியையும் சிலந்தியையும் அண்ட விடாமல் காக்கிறது.

போகும்போது

வலை வேண்டாம். பிடிக்கவே வேண்டியதில்லை. சிறகின் பொடி பட்டால் கண் போய்விடும் என்பது வெறும் கதை, அது நுண்ணிய செதில்தான். ஆனால் பிடிக்கும்போது சிறகு கிழியும். புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடைத்த இலையைப் போட்டால் பட்டினியால் செத்துப்போகும், ஏன் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எருக்கின் பக்கம் போனால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையையே பாதிக்கும். பிள்ளைகளை இலையைத் திருப்பச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். இலையைக் கிள்ளாமல், நுனியைப் பிடித்து மெல்லத் திருப்பினால் போதும்.

இருந்த இடத்திலேயே பின்தொடர முடிந்தால் இன்னும் நல்லது. நம் வெயிலில் வெந்தய வரியனின் முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். அங்கிருந்து சிறகு முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகலாம். தினமும் நடக்கும் பாதையில் ஓர் எருக்கைத் தேர்ந்துகொண்டால் கோடை விடுமுறைக்குள் முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம்.

கைபேசியில் படம் எடுத்தால் பூச்சியை மட்டும் எடுக்காமல் அது உட்கார்ந்திருந்த செடியின் இலையையும் தனியாக ஒரு படம் எடுங்கள். புழுவாக இருந்தால் இது கட்டாயம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தை ஏற்றி 'இது என்ன' என்று கேட்கும்போது, புழுவின் நிறத்தைவிட எந்தச் செடியில் இருந்தது என்ற தகவல்தான் பதில் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவும். எச்சம் போன்ற இரண்டு புழுக்களைப் படத்தில் பிரிப்பது சிரமம். ஒன்று கறிவேப்பிலையில் இருந்தது, மற்றது நெட்டிலிங்கத்தில் இருந்தது என்று சொன்னால் வேலை பாதி முடிந்துவிடும்.